காது கேட்குதா பாஸ்?

பேனா, பஸ் பாஸ், ஐ.டி கார்டு... இந்த மூணையும் மறந்துட்டுக்கூட காலேஜுக்குப் போயிடுவோம். ஆனா, இயர்போனை மறந்துட்டா பாதி வழியில திரும்பி வந்து எடுத்துட்டுப் போற ஆளுங்க நாம. அப்படி ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளை மாதிரி கூடவே திரியற அந்தப் பொருளை எப்படி வாங்கறோம்? ஒண்ணு, ‘ஆஃபர்ல போட்டிருந்தான்’. இல்லேன்னா, ‘பேஸ் பிரிச்சு மேயுது மச்சி!’

அதனால, அடுத்த இயர்போன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. ‘எந்த பிராண்ட்?’ இல்லை. ‘எத்தனை ரூபாய்?’ அதுவும் இல்லை. ‘எங்கே வெச்சுக் கேட்கப் போறீங்க?’ இதுதான் கேள்வி. இதுக்குப் பதில் தெரிஞ்சுட்டா மத்ததெல்லாம் ஈஸி. தெரியாம வாங்கினா காலியாகறது பர்ஸ் மட்டுமில்லை... காதும்தான்!

இடத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் ரூம். வால்யூம் பாதியில இருந்தாலே பாட்டு கணீர்னு கேட்கும். அதே பாட்டு, அதே இயர்போன்... காலையில டவுன் பஸ்ல? என்ஜின் உறுமல், ஹார்ன், கண்டக்டர் விசில், பின் சீட் அரட்டை... இத்தனையையும் தாண்டிப் பாட்டு கேட்கணும்னா, விரல் தானா வால்யூம் பட்டனுக்குப் போகும். நெரிசலான ரோட்டோட இரைச்சல் 80 டெசிபலைத் தொடறது சர்வ சாதாரணம். பாட்டு அதுக்கும் மேல ஏறணும். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்குது.

இதுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கே போட்டு வெச்சிருக்கு. 80 டெசிபல் அளவுல கேட்டா, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். இது பெரியவங்களுக்கான லிமிட். இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. டெசிபல்ங்கறது கிலோ, மீட்டர் மாதிரி ஒழுங்கா ஏறாது. மூணே மூணு டெசிபல் கூடினாலே ஒலியோட சக்தி இரட்டிப்பாகிடும். அதனால, கேட்கிற நேரம் பாதியாகணும். 83 டெசிபல்னா 20 மணி நேரம். 86-னா 10. 89-னா 5. 92-னா இரண்டரை. 95-னா ஒண்ணேகால் மணி நேரம். 101-ஐத் தொட்டுட்டா, வாரம் முழுக்கச் சேர்த்தே 20 நிமிஷத்துக்கும் குறைவுதான்!

செல்போன்ல வால்யூமை முழுசா ஏத்தினா 100 டெசிபலைத் தாண்டற இயர்போன்கள் நிறைய இருக்கு. அதாவது, தாம்பரத்துல ஏறின மின்சார ரயில் கிண்டி வந்து சேர்றதுக்குள்ள உங்க காதோட ஒரு வாரக் கோட்டா காலி!

நம்ம உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டு ஒரு குழாய் இருக்கு. அதுக்குள்ள சுமார் 15,000 நுண்முடி செல்கள். ஒலியோட அதிர்வை மூளைக்குப் புரியற சிக்னலா மாத்தற வேலை இதுங்களோடது. அளவுக்கு மீறின சத்தம் இந்த செல்களைச் சாகடிக்கும். தலைமுடி கொட்டினாலாவது ஒரு டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கலாம். மனுஷங்களுக்கு இந்த முடி திரும்ப முளைக்கவே முளைக்காது. பெரும்பாலும் வலியும் இருக்காது. மெதுமெதுவா ‘ஸ்’, ‘ஷ்’ மாதிரியான மெல்லிய ஒலிகள் மங்கும். கூட்டத்துல பேசறது புரியாம ‘என்ன, என்ன?’னு ரெண்டு தடவை கேட்க ஆரம்பிப்பீங்க. 12 வயசுல இருந்து 35 வயசுக்குள்ள இருக்கிற 100 கோடிக்கும் மேற்பட்டவங்க இந்த ஆபத்துல இருக்காங்கன்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். அந்த வயசுல யார் இருக்கா? நீங்களும் நானும்தான்!

அப்போ நல்ல இயர்போன்னா என்ன? வால்யூமைக் குறைச்சு வெச்சாலும் பாட்டைத் தெளிவாக் கொடுக்கறது. அவ்வளவுதான் மேட்டர். இனி இடம் வாரியாப் பார்ப்போம்.

பஸ், ரயில் பார்ட்டிகளுக்கு...

உங்களுக்குத் தேவை வெளிச்சத்தத்தைத் தடுக்கிற செட். முதல் சாய்ஸ், ரப்பர் மூடி வெச்சு காதுத் துவாரத்தை அடைக்கிற ‘இன்-இயர்’ டைப். பெட்டியில சின்னது, நடுத்தரம், பெரியதுன்னு மூணு ஜோடி மூடி கொடுத்திருப்பாங்க. நம்மள்ல பாதிப் பேர் அதைத் தொடறதே இல்லை. மூணையும் போட்டுப் பாருங்க. சிலருக்கு இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு ஒரு சைஸ்கூட வரும். சரியா பொருந்தியிருக்கான்னு கண்டுபிடிக்க சிம்பிள் டெஸ்ட்: மாட்டிக்கிட்டு ‘ம்ம்ம்...’னு முனகுங்க. உங்க குரல் தலைக்குள்ளேயே கும்முனு கேட்டா ஓ.கே! மூடி லூஸா இருந்தா பேஸும் கேட்காது. ‘செட்டு டப்பா’ன்னு கம்பெனியைத் திட்டுவோம். தப்பு மூடி மேல!

கொஞ்சம் காசு கூடப் போட முடிஞ்சா, ‘ஏ.என்.சி’ வெச்ச செட். வெளியில இருந்து வர்ற ஒலி அலையை மைக் மூலமா பிடிச்சு, அதுக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ரெண்டையும் மோதவிட்டு அமுக்கற டெக்னிக். இதுக்குப் பின்னாடி நம்ம ஊர் ரத்தம் ஒண்ணு இருக்கு. அமர் போஸ். வங்காளத்துல இருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரரோட பையன். எம்.ஐ.டி-யில பேராசிரியர். 1978-ல ஜூரிச்ல இருந்து திரும்பற விமானத்துல ஹெட்போன் கொடுத்திருக்காங்க. என்ஜின் இரைச்சல்ல பாட்டு உருப்படியா கேட்கலை. மனுஷன் அங்கேயே, அந்த சீட்லயே கணக்குப் போட ஆரம்பிச்சிட்டார். விமானிகளுக்கான முதல் ஹெட்செட்டா அது கடைக்கு வந்தது 1989-ல. பதினோரு வருஷ உழைப்பு! இன்னிக்கு ரெண்டாயிரம் ரூபாய் பக்கத்துலயே அந்த வசதி கிடைக்குது.

ஆனா, அது மந்திரம் இல்லை. பஸ் என்ஜின், ரயில் கடகடப்பு, ஏ.சி, ஃபேன்னு ஒரே சீரா வர்ற அடித்தொனி சத்தத்தைத்தான் நல்லா அமுக்கும். திடீர் ஹார்னும் பக்கத்து சீட்டுக்காரர் அரட்டையும் ஓரளவு கேட்கத்தான் செய்யும். இன்னொரு உஷார்: பெட்டியில ‘ஈ.என்.சி’ன்னு போட்டிருந்தா அது வேற. நீங்க பேசும்போது எதிர்முனையில இருக்கறவருக்கு இரைச்சல் கேட்காம இருக்கறதுக்கு. உங்க காதுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு எழுத்து மாறினா ரேட்டும் மாறும், வேலையும் மாறும்!

முக்கியமான விஷயம், ரோட்டையோ தண்டவாளத்தையோ கடக்கும்போது ரெண்டு காதுல இருந்தும் கழட்டிடுங்க. ஏ.என்.சி எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ, பின்னாடி வர்ற ரயில் சத்தமும் அவ்வளவுக்கவ்வளவு கேட்காது. இதுல விளையாட்டே வேணாம்.

படிப்பு, இன்டர்வியூ, பார்ட்-டைம் வேலை...

லைப்ரரியிலயோ ரூம்லயோ மணிக்கணக்கா உட்கார்றவங்களுக்கு, காது முழுக்க மூடற பெரிய ஹெட்போன் சுகம். துவாரத்துக்குள்ள எதுவும் போகாததால அரிப்பு, வலி குறைவு. ஆனா நம்ம ஊர் மே மாசத்துல காது வேர்த்துக் கொட்டும். மின்விசிறி பக்கத்துல இடம் பிடிச்சுக்கோங்க!

ஆன்லைன் இன்டர்வியூவா? ஒயர் செட்தான் பெஸ்ட். ‘இன்னுமா ஒயர்?’னு சிரிக்காதீங்க. ப்ளூடூத் செட்ல மைக்கை ஆன் பண்ணினதும், பல மாடல்கள்ல ஒலித்தரம் படக்குனு இறங்கி பழைய டெலிபோன் மாதிரி ஆகிடும். பாட்டும் பேச்சும் ஒரே குறுகின பாதையில போய் வரணுமே! ஒயர்ல அந்தத் தொல்லை இல்லை. நடு இன்டர்வியூவுல சார்ஜும் தீராது. கேம் ஆடறவங்களுக்கும் இதே பதில்தான். ப்ளூடூத்ல சத்தம் ஒரு நொடிப் பொழுது லேட்டா வரும். துப்பாக்கி சத்தம் கேட்கறதுக்குள்ள நீங்க அவுட்!

உங்க போன்ல அந்த 3.5 மி.மீ ஓட்டை இல்லேன்னா, டைப்-சி பின் வெச்ச இயர்போன் கிடைக்குது. எல்லா டைப்-சி செட்டும் எல்லா போனுக்கும் ஒத்துப்போகாது. கடையிலேயே உங்க போன்ல சொருகிப் பார்த்துட்டு காசைக் கொடுங்க.

ஜிம், கிரவுண்டு...

இங்கே எதிரி வியர்வை. பெட்டியில ‘ஐ.பி.எக்ஸ் 4’னு இருக்கான்னு பாருங்க. எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம். ‘ஐ.பி.எக்ஸ் 7’னா ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் தாங்கணும். ஆனா, அந்த ரேட்டிங் பெரும்பாலும் காதுல மாட்டற பட்ஸுக்குத்தான். சார்ஜ் போடற டப்பாவுக்கு இல்லை. ஈரத்தோட உள்ளே வெச்சா டப்பா அவுட்! துடைச்சுட்டு வைங்க.

காலையில ரோட்டுல ஓடறவங்களுக்கு, காதை அடைக்காத டைப்தான் பாதுகாப்பு. கன்னத்து எலும்பு வழியா அதிர்வைக் கடத்தற ‘போன் கண்டக்‌ஷன்’ செட்ல காது திறந்தே இருக்கும். பின்னாடி வர்ற லாரி கேட்கும். ‘செவிப்பறையைத் தொடாது, அதனால எவ்வளவு சத்தமா வெச்சாலும் ஒண்ணும் ஆகாது’ன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. கடைசியில போய்ச் சேர்றது அதே நத்தைக் குழாய்க்குத்தான்!

கடைக்குப் போனா...

ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்க ஊர் செல்போன் கடையோ, நாலு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். ‘13 மி.மீ டிரைவர்’னு பெரிய எழுத்துல போட்டிருந்தா மயங்காதீங்க. சைஸ் பெருசுன்னா சத்தம் நல்லதுன்னு எந்தச் சட்டமும் இல்லை. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ங்கறதும் மனுஷக் காதோட எல்லைதான், எல்லாப் பெட்டியிலயும் இருக்கும். நீங்க நூறு தடவை கேட்ட பாட்டைப் போட்டுப் பாருங்க. பேஸ் கிதாரும் பாடறவர் குரலும் தனித்தனியா தெரியணும், அதுவும் பாதி வால்யூம்ல. மூணாவது, ஒயர்லெஸ் பட்ஸ்ல இருக்கற பேட்டரி குட்டியூண்டு. ரெண்டு மூணு வருஷத்துல தளரும், மாத்தறதும் கஷ்டம். பாக்கெட் மணியில வாங்கறவங்க இதையும் கணக்குல சேர்த்துக்கோங்க. நாலாவது, ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் உண்டான்னு முன்னாடியே படிங்க. காதுக்குள்ள போற பொருள்ங்கறதால நிறைய பேர் திரும்ப வாங்க மாட்டாங்க. அதே காரணத்துக்காக, ஃப்ரெண்டா இருந்தாலும் இயர்போனை மட்டும் ஷேர் பண்ணாதீங்க!

வாங்கியாச்சா? இனி ரெண்டே ரூல். ஒண்ணு, வால்யூம் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேணாம். ரெண்டு, மணிக்கு ஒரு தடவை கழட்டி காதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட். கழட்டினதுக்கு அப்புறம் ‘ங்ஙொய்’னு ஒரு சத்தமோ, பஞ்சு வெச்ச மாதிரி ஒரு மந்தமோ இருந்தா, அது காது கொடுக்கற வார்னிங். அடிக்கடி வந்தா காது-மூக்கு-தொண்டை டாக்டர்கிட்ட போய் ஒரு செவித்திறன் டெஸ்ட் எடுத்துடுங்க. திடீர்னு ஒரு காது கேட்காமப் போனா, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாம அன்னிக்கே ஓடுங்க. முதல் சில நாள்ல ஆரம்பிக்கிற சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

இயர்போன் உடைஞ்சா செமஸ்டர் லீவுல பார்ட்-டைம் வேலை பார்த்து வேற வாங்கிக்கலாம். காதுக்கு அந்த வசதி இல்லை பாஸ்!

அடுத்த வாரம்: செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!