வெண்கல மீன்காரி

டப்ளின் நகரத்துக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகள் தவறாமல் தரிசிப்பது மாலி மலோனின் சிலையை. தள்ளுவண்டியில் சிப்பி விற்றுத் திரிந்து, காய்ச்சலில் செத்துப்போனதாக ஒரு பாட்டுச் சொல்கிற பெண் அவள். அப்படி ஒருத்தி வாழ்ந்ததற்குத் தக்க ஆதாரம் கிடையாது. ஆனாலும் 1988-ல், நகரத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவையொட்டி, அவளைக் கிராஃப்டன் தெருவில் வெண்கலத்தில் நிறுத்தினார்கள். 2014-ல் பக்கத்துச் சஃபோக் தெருவுக்கு மாற்றினார்கள். வருகிறவர்கள் அவள் மார்பைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பளபளக்கிறது. அதிர்ஷ்டமாம்! அநாகரிகம் என்று ஒரே வார்த்தையில் நிறுத்திக்கொள்கிறேன். என் சண்டை வேறு.

லிஃபி நதியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், பெரிய தபால் ஆபீசுக்குப் பின்னால் மூர் தெரு. அங்கே நிஜமான பெண்கள் பழமும் பூவும் விற்கிறார்கள். பாட்டி விற்ற இடத்தில் பேத்தி விற்கிற குடும்பங்கள் உண்டு. மழையானாலும் குளிரானாலும் திறந்த வெளிதான். கடைகளோ வரவரக் குறைந்துவிட்டன.

1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் தபால் ஆபீஸ் தீப்பிடித்ததும், தலைவர்கள் தஞ்சம் புகுந்தது இந்தத் தெரு வீடுகளில்தான். சரணடையத் தீர்மானித்ததும் இங்கேதான். 14 முதல் 17 வரையுள்ள வீடுகளை 2007-ல் தேசியச் சின்னமாக்கினார்கள். சுற்றுப்புறமும் சின்னமே என்று 2016-ல் ஒரு கோர்ட்டு சொல்லிற்று. 2018-ல் மேல்கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. சுவருக்காக வாதாட ஆள் இருக்கிறது. கடைக்காரிக்காக யார் வாதாடுவது? அவளுக்கு வேண்டியது வக்கீல் அல்ல, வாங்குகிறவர்கள்.

நம்மவர்களோ கிராஃப்டன் தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். லண்டனிலும் கிடைக்கிற அதே கம்பெனிச் சட்டையை அங்கே வாங்கி, "அயர்லாந்துச் சரக்கு" என்று ஊரில் காட்டுகிறார்கள். மூர் தெருவைப் பற்றிக் கேட்டால், "அங்கே வாங்க என்ன இருக்கிறது? ஆப்பிளை விமானத்திலா கொண்டுவர முடியும்?" என்கிறார்கள். கொண்டுவர வேண்டாம், ஐயா! அங்கேயே தின்னுங்கள். ஊரைப் பார்க்கப் போகிறவன் அந்த ஊர்க்காரியிடம் ஒரு வாய் பேசி, நாலு காசு கொடுத்து வாங்காமல் வேறு எதைப் பார்த்தான்? இல்லாத மீன்காரிக்குப் பூஜை, இருக்கிற பழக்காரிக்குப் பாராமுகம் என்றால், நாளை அவளும் போய்விடுவாள். அவளுக்கும் ஒரு சிலை வைப்பார்கள்.

ஆகவே முதலில் மூர் தெருவுக்குப் போய் ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்குங்கள். பிறகு சிலையையும் பாருங்கள். இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.