பதின்மூவரில் ஒரு பெண்

ஜப்பான் நாட்டுப் பிள்ளைகளுக்கு "காமென் ரைடர்" என்றால் கொள்ளை ஆசை. முகமூடி அணிந்து, மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, தீயவர்களை ஒழிக்கும் வீரன் அவன். 1971-ல் தொலைக்காட்சியில் தொடங்கிய கதை, புதிய புதிய வீரர்களுடன் வளர்ந்தது.

ஆனால், "ரைடர்" பட்டம் ஆண்களுக்கே கிடைத்து வந்தது. 1975-ம் ஆண்டுக் கதையில் "டாக்கிள்" என்ற பெண் துணிந்து போரிட்டாள், உயிரையும் கொடுத்தாள். அவளுக்கும் அந்தப் பட்டம் இல்லை!

2002-ல் "ரியூகி" கதை திரைப்படமாக வந்தது. 13 ரைடர்கள் தங்களுக்குள் மோதுகிறார்கள். கடைசியில் மிஞ்சுகிறவருக்குக் கேட்ட வரம் கிடைக்கும். அந்த 13 பேரில் ஒருத்தி பெண். பெயர் மிஹோ.

மிஹோவின் அக்காள் கொலை செய்யப்பட்டவள். அவளை உயிருடன் மீட்கவே தங்கை களத்தில் குதிக்கிறாள். மிஹோ உத்தமி அல்ல. பிறரை ஏமாற்றிப் பணம் பறிப்பவள். ஆனாலும் அவள் நெஞ்சில் பாசம் இருக்கிறது. வீரனின் பக்கத்தில் அழகுக்காக நிறுத்திய பொம்மை அல்ல அவள். இதற்காகப் படத்தைப் பாராட்டலாம்.

ஆயினும், 12 ஆண்களுக்கு ஒரு பெண் என்பது என்ன கணக்கு? ஆண்களில் ஒருவன் கெட்டவன் என்றால், அவன் ஒருவன்தான் கெட்டவன். இருக்கிற ஒரே பெண் தவறு செய்தால், "பெண்களே இப்படித்தான்" என்று பேச்சு வந்துவிடும். நாலு பெண்கள் இருந்தால் நல்லவள், பொல்லாதவள், கோழை, வீராங்கனை எல்லோருக்கும் இடம் இருக்கும்.

படம் பார்ப்பவர்களில் சிறுமிகளும் உண்டு. படம் எடுப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.