இரு காமிராக்களும் ஒரு கீலும்



வெளியூர்ப் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் வீட்டு வழக்கொன்றைத் தீர்த்துவைக்குமாறு நமக்கு எழுதியுள்ளார். கல்லூரியில் பயிலும் அவர் மகனிடம் ஒரு காமிரா உண்டு. தாய்மாமன் தம்முடைய பழைய காமிராவையும் அவனுக்கே தந்துவிட்டார். இவ்விரண்டையும் ஒன்றாகப் பூட்டிப் பால்வீதியைப் படம் எடுக்க விழைகிறான் மகன். அதற்கென, வானத்தின் ஓட்டத்தைத் தொடர்ந்து சுழலும் மின்கருவியொன்றை வாங்கித் தருமாறு கேட்கிறான். "ஒரு காமிராவுக்குத் தெரியாத வானம் இரண்டுக்குத் தெரிந்துவிடுமோ?" என்பது தந்தையின் வினா. கருவியின் விலையைக் கேட்ட நாள்முதல் தாயார் இப்பேச்சையே எடுப்பதில்லையாம்.

வினா நியாயமானதே. ஆயினும், இரு காமிராக்களை ஒரே தாங்கியில் ஏற்றி வானைப் படம் பிடிப்பது இன்றைய இளைஞரின் விளையாட்டன்று. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்குண்டு.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1857-ஆம் ஆண்டு பிறந்தவர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு. பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். வறுமையின் காரணமாக, ஒன்பது வயது நிரம்புமுன் புகைப்பட நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்கச் சூரிய ஒளியே துணை. அதற்கான பெரிய காமிரா, நகர்ந்து செல்லும் சூரியனை விட்டு அகலாதவாறு, அதைக் கையால் திருப்பிக்கொண்டே இருப்பது சிறுவனின் பணி. பிற்காலத்தில் இரவெல்லாம் விண்மீன்களைப் பின்தொடர்ந்த பொறுமையை அவர் எங்குக் கற்றார் என்று நாம் தேடவேண்டியதில்லை.

வளர்ந்து வானியலாளரான பர்னார்டு, 1889-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லிக் ஆய்வுக்கூடத்தில் பால்வீதியைப் படம் எடுக்கத் தொடங்கினார். அதற்கு அவர் பயன்படுத்தியது, புகைப்பட நிலையங்களில் மனிதரின் உருவப்படம் எடுக்க உதவும் சுமார் 6 அங்குலப் பழைய லென்ஸ் ஒன்று. அருகிலேயே உலகப் புகழ்பெற்ற 36 அங்குலத் தொலைநோக்கி நின்றது. ஆனால், பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு துண்டையே காட்டும். பால்வீதியோ வானை வளைத்துக் கிடப்பது. அதன் உருவத்தைக் காண அகன்ற பார்வை வேண்டும்.

1897-ஆம் ஆண்டு, நியூயார்க்கைச் சேர்ந்த கேத்தரின் புரூஸ் என்னும் சீமாட்டி 7,000 டாலர் நன்கொடை அளித்தார். அதனைக் கொண்டு பர்னார்டு அமைத்த கருவியைத்தான் அந்த மகனும் தந்தையும் அறியவேண்டும். ஒரே தாங்கியின்மேல் 10 அங்குலக் காமிரா ஒன்று. பக்கத்தில் 6¼ அங்குலக் காமிரா ஒன்று. கண்ணால் பார்த்துத் திசையைச் சரிசெய்ய 5 அங்குலத் தொலைநோக்கி ஒன்று. மூன்றும் ஒரே திசையை நோக்கி நின்றன. பர்னார்டு தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து, ஒரு விண்மீன் சிலந்தியிழைபோன்ற குறுக்குக் கோட்டினின்று விலகாதவாறு மணிக்கணக்கில் காத்திருப்பார். அதற்குள் இரு கண்ணாடித் தகடுகளிலும் ஒரே வானம் பதிந்துவிடும்.

ஏன் இரண்டு? தகட்டின் இரசாயனப் பூச்சில் ஒரு தூசி இருக்கலாம். ஒரு கீறல் இருக்கலாம். பூச்சே ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கலாம். ஒரு தகட்டில் மட்டும் காணப்படும் புள்ளியை நம்புவதற்கில்லை. இரண்டிலும் ஒரே இடத்தில் காணப்படின் அது வானத்தில் உள்ளதே. பர்னார்டுக்கு இது மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் அவர் கண்டவை புதிய ஒளிகள் மட்டுமல்ல. விண்மீன் கூட்டத்தின் நடுவே விண்மீனற்ற கரும்பரப்புகள். ஒளியைக் கண்டேன் என்பதைவிட, ஒளியில்லாமையைக் கண்டேன் என்று நிலைநாட்டுவது கடினமன்றோ?

இங்கு ஒன்றை மறைக்கலாகாது. கரும்பரப்பு மெய்யானது என்பதை இரண்டாம் காமிரா உறுதிசெய்யும். அது யாது என்பதைக் கூறாது. விண்மீன்களுக்கிடையே உள்ள வெற்றிடமா, அவற்றை மறைத்து நிற்கும் கருமுகிலா என்னும் கேள்வி பர்னார்டைப் பல்லாண்டு அலைக்கழித்தது. தொடக்கத்தில் வெற்றிடம் என்றே பெரிதும் எண்ணியவர், சிறிது சிறிதாகவே கருத்தை மாற்றிக்கொண்டார். 1919-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பட்டியலில் இத்தகைய கரும்பரப்புகள் 182 உள்ளன. அவை குளிர்ந்த தூசியும் வாயுவும் திரண்ட முகில்கள் என்பதும், அவற்றுள் பலவற்றினின்று புதிய விண்மீன்கள் பிறக்கின்றன என்பதும் இன்று தெளிவு.

கண்ணாடித் தகடுகள் மறைந்துவிட்டன. ஆயினும் இன்றைய மின்னணுக் காமிராவிலும் பழுதான புள்ளிகள் உண்டு. விண்வெளியினின்று வரும் கதிர்த்துகள் பட்டுத் தோன்றும் பொய்ப் புள்ளிகளும் உண்டு. அவற்றை இரண்டாம் காமிரா காட்டிக்கொடுக்கும். செயற்கைக்கோளின் கோடோ இரண்டிலும் விழும். அதை நீக்க அடுத்தடுத்து எடுத்த பல படங்கள் வேண்டும். மற்றொரு பயனும் உண்டு. ஒரு மணி நேரத்தில் இரு காமிராக்கள் இரண்டு மணி நேரத்துக்கான ஒளியைச் சேர்க்கின்றன. ஒரே அளவு லென்ஸ் கொண்ட இரண்டின் படங்களையும் கணினியில் ஒன்றுசேர்த்தால் படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சல் பாதியாகிவிடும் என்று மகன் கூறினால், தந்தை நம்பவேண்டாம்; அது பத்தில் மூன்று பங்கு அளவே குறையும். இருண்ட, முகிலற்ற இரவு ஆண்டில் சிலவே வாய்க்கும் நமக்கு அதுவும் சிறிதன்று.

இனிக் கருவி. காமிரா அசையாதிருந்தால், 50 மில்லிமீட்டர் லென்ஸில் சுமார் 10 வினாடிக்குமேல் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். உலகம் சுழல்வதே காரணம். ஒரு முழுச் சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. அதே வேகத்தில் காமிராவை எதிர்ப்புறம் திருப்பவேண்டும். அதற்கு எளிய வழியொன்றை, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹேக் என்பார் 1975-இல் 'ஸ்கை அண்டு டெலஸ்கோப்' இதழில் வெளியிட்டார். இரு மரப்பலகைகள், அவற்றைப் புத்தகத்தின் அட்டைகள்போல் இணைக்கும் ஒரு கீல், மேற்பலகையை மெல்ல உயர்த்தும் ஒரு திருகு. இவ்வளவே.

6 மி.மீ. தடிப்புள்ள, மரை வெட்டிய கம்பி கடைகளில் கிடைக்கும். அது ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேறும். கீழ்ப்பலகையில் நட்டைப் பதித்து, கம்பியின் நுனி மேற்பலகையின் அடியில் ஒட்டிய உலோகத் தகட்டைத் தள்ளுமாறு அமைக்கவேண்டும். கீலின் அச்சுக்கும் கம்பிக்கும் இடையே 228½ மி.மீ. தூரம் இருப்பின், நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது வானத்தின் வேகத்துக்குச் சரியாகிவிடும். தச்சர் இந்த ஓர் அளவில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருக்கட்டும். பலகையின் நீள அகலம் எப்படியும் இருக்கலாம். கம்பியின் அடியில் கடிகார முகம்போல் 12 பிரிவுகள் குறித்த வட்டத் தகடொன்றைப் பூட்டி, கைக்கடிகாரத்தின் வினாடி முள்ளோடு இணையாகத் திருப்பினால் மின்விசையே வேண்டாம். 20 நிமிடத்துக்குமேல் நேர்கம்பியின் வேகம் பிழைபடத் தொடங்கும்; கம்பியைப் பின்னோக்கித் திருப்பி மீண்டும் தொடங்குக.

இரு காமிராக்களையும் ஏற்ற, மேற்பலகையில் கனத்த அலுமினியப் பட்டை ஒன்றைக் கீலுக்கு இணையாகத் திருகி, அதன் இரு நுனிகளிலும் எப்புறமும் சாய்த்து இறுக்கக்கூடிய பந்துமூட்டுகளைப் பொருத்தவேண்டும். பட்டையைக் குறுக்காக வைத்தால் ஒரு காமிரா கீலைத் தாண்டிச் சென்று எடை தடுமாறும். பலர் செய்வது அதுவே. காமிராக்கள் வெவ்வேறு தயாரிப்பாயின் இரு விசைகள் தேவைப்படும். ஒரு வினாடி முன்பின் ஆனால் குற்றமில்லை. லென்ஸ்கள் வேறுவேறாயினும் வருந்தற்க. பர்னார்டின் இரு காமிராக்களும் அளவில் ஒத்தவையல்ல.

கீலின் அச்சு வடதுருவத்தை நோக்கவேண்டும். கீல் மேற்குப்புறம், திருகு கிழக்குப்புறம். அமெரிக்க நூல்களில் உள்ள படங்களில் பலகை செங்குத்தாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். துருவ விண்மீன் கன்னியாகுமரியில் 8 பாகை, மதுரையில் 10 பாகை, சென்னையில் 13 பாகை உயரத்தில் மட்டுமே நிற்கும். பெரும்பாலும் தென்னந்தோப்புக்குப் பின்னால். ஆதலின் நம் நாட்டில் கீல் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். கீலுக்கு இணையாக ஒட்டிய குளிர்பானக் குழலின் வழியே அவ்விண்மீனைப் பார்த்தால் போதும். அது மறைந்திருப்பின், திசைகாட்டியும் பள்ளிக்கூடத்துப் பாகைமானியும் உதவும்.

ஆகவே தந்தைக்கு நாம் கூறுவது: மின்கருவி இப்போது வேண்டாம், பலகையும் கீலும் கம்பியும் இரு பந்துமூட்டுகளும் வாங்கித் தருக. மகன் ஒரு கோடைகாலம் கையால் திருகிப் பார்க்கட்டும். அதன் பின்னும் ஆர்வம் குன்றாதிருந்தால் கருவியைப் பற்றிப் பேசலாம். தாயாரும் அப்போது பேச்சுக்கு உடன்படுவார் என்றே எண்ணுகிறோம்.

முதற்படத்துக்கு எவ்விடம் என்றும் கூறிவிடுகிறோம். மே மாதத்தில் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில், தெற்கே விருச்சிகத்தின் செந்நிறக் கேட்டை விண்மீனைக் காண்க. அதற்குக் கிழக்கே, நீட்டிய கையின் ஒரு முட்டி அகலத்துக்கு அப்பால், பால்வீதியின்மேல் புகைக்குழாய் வடிவில் ஒரு கரும்பரப்பு உண்டு. அதன் தண்டு பர்னார்டின் பட்டியலில் 59, 65, 66, 67 என்னும் எண்களைக் கொண்டது, கிண்ணம் 78. விஸ்கான்சினில் உள்ள எர்க்கிஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து பார்த்தால் இது 21 பாகைக்குமேல் எழாது. தென்பால்வீதியைத் தெளிவாகக் காணவே பர்னார்டு 1905-இல் தம் இரட்டைக் காமிராவை நாட்டின் மறுகோடியிலுள்ள வில்சன் மலைக்குக் கொண்டு சென்றார். அங்கும் அவருக்குக் கிடைத்தது 30 பாகையே. மதுரையில் ஒரு மொட்டைமாடியில் நிற்பவருக்கு அது 54 பாகை உயரத்தில் நிற்கும். ஊர் விளக்குகளைவிட்டுச் சற்று விலகிச் செல்லவேண்டும், அவ்வளவே.