பதினெட்டு முடிந்தால் பெட்டியைக் கட்டு என்பதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பிள்ளைக்கு நவம்பரில் 18 வயது நிறைகிறது. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். பெற்றோரை இழந்து வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை என்றால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதந்தோறும் வந்த 4,000 ரூபாய் அந்த நவம்பரோடு சரி. நம் வீட்டுப் பிள்ளைகளில் யாரையாவது படிப்பு நடுவில் இருக்கும்போது 'இனி உன் பாட்டைப் பார்த்துக்கொள்' என்கிறோமா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. 21 வயது வரை உதவலாம். விதிவிலக்கான சூழலில் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. ஆனால் சட்டத்தின் 2(5) பிரிவைப் படித்துப் பாருங்கள். நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்களுக்குத்தான் அது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவனுக்கு உண்டு, குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இல்லை! பிள்ளைகள் இல்லங்களில் அல்ல, குடும்பங்களில் வளர வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்வதும் இதே அரசுதான். அந்தப் பேச்சை நம்பி ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு இது.

இல்லத்துப் பிள்ளைக்காவது உறுதி உண்டா என்றால் அதுவும் இல்லை. வெளியேறுபவருக்குப் பண உதவி செய்தே தீர வேண்டும் என்று 46ஆம் பிரிவு சொல்லவில்லை. அரசு விரும்பினால் செய்யலாம், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கொடுமை. பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ இல்லாத பிள்ளைகளுக்கு எலும்புப் பரிசோதனை செய்து வயதைக் குறிக்கிறார்கள். அந்தப் பரிசோதனை இரண்டு ஆண்டு வரை முன்பின்னாக இருக்கலாம் என்று நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆக, டாக்டர் உத்தேசமாக எழுதிய வயதை வைத்து ஒரு பிள்ளையின் கடைசி நாளைக் குறிக்கிறோம்.

18 வயதில் யாரும் தனியாக நின்றுவிட முடியாது என்பது அரசுக்குத் தெரியாததல்ல. கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 2021இல் கொண்டுவந்த பிஎம் கேர்ஸ் திட்டத்தில் 18 முதல் 23 வயது வரை மாத உதவித்தொகை உண்டு. 23இல் 10 லட்சம் ரூபாய் கையில் கிடைக்கும். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் லாரி மோதியோ, பாம்பு கடித்தோ, காசநோயிலோ தாய் தந்தையைப் பறிகொடுத்த பிள்ளைக்கு மட்டும் 18இல் எல்லாம் கைகூடிவிடுமா?

அமெரிக்காவில் வளர்ப்புப் பராமரிப்பை 21 வரை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு நிதியுதவி தர 2008இல் சட்டம் வந்தது. கலிஃபோர்னியா 2012 முதல் நீட்டித்தது. அதற்கு முன்பே 21 வரை வைத்துக்கொண்ட இல்லினாயையும், 18இல் அனுப்பிவிட்ட அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களையும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இல்லினாய் பிள்ளைகளே அதிகமாகக் கல்லூரிக்குப் போனார்கள். படிப்பு, வேலை, பயிற்சி என ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அங்கே உண்டு. உடல்நலக் குறைவால் முடியாதவர்களுக்கு விலக்கும் உண்டு. அதை இங்கேயும் வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

கல்லூரியில் சேர்ந்தால் தமிழக அரசின் 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே என்பார்கள். வருகிறது. செமஸ்டர் விடுமுறையில் ஹாஸ்டலைப் பூட்டினால் அந்த ஆயிரத்தை வைத்துக்கொண்டு எங்கே படுப்பது?

2(5) பிரிவை நாடாளுமன்றம் திருத்தும்வரை தமிழக அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வளர்ப்புக் குடும்பங்களுக்கான தொகையை 21 வயது வரை மாநில நிதியிலிருந்து தொடர ஓர் அரசாணை போதும். 18 நிறைந்தாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அதிலேயே ஒரு வரி சேர்க்கலாம். சமூக நலத்துறை அமைச்சர் வரும் மானியக் கோரிக்கையின்போது இதை அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
விருத்தாசலம்.