அலமாரியில் ஒரு மஞ்சூரியன் பாக்கெட்

பெரம்பலூர், அரியலூர் மளிகைக் கடைகளில் வெஜிடபிள் மஞ்சூரியன் மசாலா பாக்கெட் இப்போது சரம் சரமாகத் தொங்குகிறது. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் குழம்பு தயார். திடீர் விருந்தாளிக்குக் கைகொடுக்குமே என்று நானும் இரண்டு வாங்கி வைப்பதுண்டு. (சீனாக்காரர் சமையல் என்று நினைத்துவிடாதீர்கள். 1975-ல் பம்பாயில் நெல்சன் வாங் என்பவர் கோழியில் செய்து பெயர் வாங்கியது. நம்ம நாட்டுச் சரக்குதான்!)

ஆனால் மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு, மடியில் சின்னக் குழந்தை என்றிருக்கிற வீட்டில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். 'சோடியம்' எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 1000 மில்லிகிராம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதி ஒரே வேளையில் போயாச்சு! ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

நான் பாதி மசாலாதான் போடுவேன். கெட்டிப்பட ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளவர்; பெரம்பலூர் வயல்களில் விளைகிற மக்காச்சோளத்தின் மாவுச்சத்துதானே அது! பாக்கெட்டில் உள்ள காய்த்துணுக்கு எந்த மூலைக்கு? கோஸ், காரட், பீன்ஸ் நறுக்கி நாலு கை வதக்கிச் சேருங்கள். வெங்காயத்தாளுக்கு அலைய வேண்டாம். கூடையில் முளைவிட்ட சின்ன வெங்காயத்தைத் தொட்டியில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் தாள் கிள்ளலாம்.

"உப்பு பத்தலையே அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். இறக்கிவைத்து அரை மூடி எலுமிச்சை பிழியச் சொன்னேன்.