தூக்கத்துக்கும் வகுப்பு நடத்துவார்களா?

எங்கள் வட்டாரத்து மில் ஒன்றில் புது உபதேசம் கிளம்பியிருக்கிறது. ஆளேற்றி வரும் வேன் டிரைவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியாம். ஞாயிற்றுக்கிழமை, சம்பளமில்லாமல்!

பயிற்சி வேண்டாமென்று எந்தத் தொழிலாளி சொன்னான்? வேலை நேரத்தில், கூலியோடு தாராளமாகக் கொடுங்கள். ஆனால் விடிகாலை 4 மணிக்கு ஊர் ஊராகப் பெண்களை ஏற்றி, 6 மணி ஷிப்டில் இறக்கி, பகலெல்லாம் நூல் மூட்டை லோடு அடித்து, நடுச்சாமத்தில் அடுத்த ஷிப்டை வீடு சேர்க்கிறவனுக்கு என்ன பாடம்? கண்ணை மூடாதே என்றா?

நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. 5 மணி வேலைக்குப்பின் அரைமணி ஓய்வு. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே அன்று எழுதிவைத்திருந்த வரி இது. வகுப்புப் பலகையில் அது மட்டும் இல்லை! தேய்ந்த டயர் பற்றியும் மூச்சில்லை.

பின் எதற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள்? வண்டி கவிழ்ந்தால், "நாங்கள் சொல்லிக் கொடுத்தோம், அவன் கேட்கவில்லை" என்று கோர்ட்டில் நீட்ட ஒரு காகிதம் வேண்டாமா!

(நடவுக்குச் சரக்கு வண்டியில் அடைத்துக் கொண்டுபோகப்படும் விவசாயத் தோழர்களுக்கு இந்தக் காகிதம்கூட இல்லை.)

டிரைவர் தோழர்களே! வண்டி எடுத்த நேரம், விட்ட நேரம் எழுதிய நோட்டு எங்கே என்று கேளுங்கள். அதை மேஜைமேல் வைத்துவிட்டு நிர்வாகம் வகுப்பைத் தொடங்கட்டும்.