சுவாமிக்கு வைத்த சர்க்கரை

போன இதழில் முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நீங்கள் எந்த மலை ஏறி முழங்காலைக் கெடுத்துக் கொண்டீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், சகோதரி. பர்வதமலை. அதுவும் முக்கால் மலைதான்!

சென்ற தை மாதம் நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நான், எதிர் வீட்டு அக்கா, டீச்சரம்மா, இருபது வருஷமாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் வைத்திக்குப்பத்துத் தங்கச்சி. “இந்த வயசுல இன்னாம்மா மலை?” என்று மாமியார் கேட்டார். ஜப்பானில் ஜுங்கோ தாபே என்ற அம்மாள் வீட்டில் சின்னப் பெண் குழந்தையை விட்டுவிட்டு 1975 மே 16-ல் எவரெஸ்டில் ஏறினார், உலகத்திலேயே முதல் பெண்மணி என்று டீச்சரம்மா எடுத்துவிட்டார். நம் விருதுநகர் மாவட்டத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், 2023-ல் அதே சிகரத்தைத் தொட்டு வந்தார் என்றும் சொன்னார். மாமியார் அசரவில்லை. “அவங்க வீட்டுல சோறு யாரு ஆக்குனாங்க?” என்றார். அதற்கு டீச்சரம்மாவிடம் பதில் இல்லை. நான் இரண்டு நாளைக்குப் புளிக்குழம்பு வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாக வேன். செஞ்சிக் கோட்டைப் பாறைகளைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பர்வதமலை, கலசபாக்கம் பக்கத்தில் தென்மாதிமங்கலம் கிராமத்தை ஒட்டி நிற்கிறது. சுமார் 4,500 அடி. மலைபடுகடாம் பாடுகிற நன்னனின் நவிரமலை இதுதான் என்பார்கள். உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. அங்கே பக்தர்களே தங்கள் கையால் பூஜை செய்யலாம் என்பதால் பால், தேன், நாட்டுச் சர்க்கரை என்று ஒரு பை நிறையக் கொண்டு போனோம். அந்தப் பைதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

அடிவாரத்தில் பச்சையம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். முதலில் படிக்கட்டு. அது முடிந்ததும் கரடுமுரடான கல் பாதை. இரண்டு மூன்று மணி நேரம் அதிலே நடந்த பிறகு வருகிறது கடப்பாறை நெட்டு. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து நட்டு, சங்கிலி கோத்திருக்கிறார்கள். காலைக் கடப்பாறையில் வைத்து, கையால் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். ஒரு கையையோ ஒரு காலையோ மட்டும் நகர்த்தி, மற்ற மூன்றும் பிடியில் இருக்கும்படி பார்த்துக் கொண்டால் பயம் இல்லை. கீழே மட்டும் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன்!

டீச்சரம்மா முன்னால், அப்புறம் நான், எனக்குக் கீழே அக்கா, கடைசியில் தங்கச்சி. பாதியில் அக்கா நின்றுவிட்டார். கூப்பிட்டேன், பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டதும், “என்னை ஏண்டி தொல்லை பண்றே, போயேன்!” என்று எரிந்து விழுந்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசாதவர். எனக்கும் கோபம் வந்துவிட்டது. “பயமா இருந்தா கீழேயே சொல்லியிருக்கலாமே அக்கா! பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தங்கச்சிதான் கீழேயிருந்து கத்தினாள். “அக்கா, திட்டாதே! குளிர்காத்து அடிக்குது, இவங்களுக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. கை நடுங்குது பாரு. எங்க மாமியாருக்குச் சர்க்கரை இறங்குனா இப்படித்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. சுவாமி தரிசனம் முடிகிறவரை விரதம் என்று பச்சைத் தண்ணீரோடு ஏறுகிறார். ஆனால் காலையில் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக் கொண்டிருக்கிறார்!

தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு நைலான் கயிறு கொண்டு வந்திருந்தாள். வரும்போது அதன் மீன் வாடைக்காக நான் முகம் சுளித்தேன். அவள் அக்காவின் இடுப்பில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை என்னிடம் வீசினாள். “கையில பிடிக்காதே, கடப்பாறையில ஒரு சுத்து சுத்தி அப்புறம் பிடி. படகைக் கட்டுற மாதிரி. கனம் இரும்பு மேல போவும், உன் மேல வராது.” அப்படியே செய்தேன். அக்காவின் ஒவ்வொரு காலையும் அவளே கீழேயிருந்து எடுத்து வைக்க, நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட, அடியில் ஒரு திட்டில் கொண்டு போய் உட்கார வைத்தோம்.

தேனையும் நாட்டுச் சர்க்கரையையும் எடுத்தேன். அந்த மயக்கத்திலும் அக்கா, “சாமிக்கு வச்சதுடி” என்று வாயை மூடிக் கொண்டார். “சாமி அப்புறம் சாப்பிடுவார், நீ சாப்பிடு” என்று அதட்டி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் போயிற்று. நடுக்கம் நின்றது. “ஏண்டி எல்லாரும் என்னையே பாக்கறீங்க?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் நம்மூர் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார். சர்க்கரைத் தண்ணீரோடு விட்டால் திரும்பவும் இறங்கிவிடுமாம்.

டீச்சரம்மாவும் தங்கச்சியும் மீதிப் பாலோடு உச்சிக்குப் போய் வந்தார்கள். நானும் அக்காவும் திட்டிலேயே இருந்தோம். இறங்கும்போது கயிறு அக்காவின் இடுப்பிலேயே இருந்தது. இறங்குவதற்குத்தான் முழங்கால் அதிகம் உழைக்கிறது என்பது எனக்கு அன்று தெரிந்தது. முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து, ஏணியில் இறங்குவது போல் இறங்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் டாக்டரம்மாவிடம் போனோம். அக்காவை விட எனக்குத்தான் நிறைய டோஸ். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வேர்வை, படபடப்பு, நடுக்கம் வரும். சிலருக்குக் காரணமில்லாத கோபமும் குழப்பமும் வரும். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணியில் சரியாகாவிட்டால் இன்னொரு தரம். லட்டும் சாக்லெட்டும் வேண்டாம், அதிலுள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் விரதம் இருப்பதானால் முன்னதாகவே டாக்டரைக் கேட்டு அளவை மாற்றிக் கொள்ள வேண்டும்.

பர்வதமலைக்குப் போக நினைப்பவர்கள் மழைக்காலத்தைத் தவிர்த்து விடுங்கள். ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும். வனத்துறை ஏறவிடுகிற நாளா, எந்த நேரம் வரை என்று விசாரித்துக் கொண்டே கிளம்புங்கள்.

அக்கா இப்போது முந்தானையில் குளுக்கோஸ் பொட்டலத்தை முடிந்துகொண்டுதான் கடைத்தெருவுக்கே வருகிறார். என் மாமியாரிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. “உச்சியில சாமி எப்படி இருந்தார்?” என்று அவர் கேட்டதற்கு, டீச்சரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.